தாவீது ராஜாவுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு என்ன? அரியணையே பறிபோன பிறகும் கிறிஸ்தவர்கள் அதை விடாமல் பிடித்திருப்பது ஏன்?

செங்கல்பட்டு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் புனித சூசையப்பர் பெயரில் இருக்கிறது. சூசையப்பர் என்றால் தச்சர், மரியாளின் கணவர், இயேசுவை வளர்த்தவர். பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் பைபிளில் வானதூதர் அவருடைய கனவில் வந்து பேசும்போது 'தச்சரே' என்று கூப்பிடவில்லை. 'தாவீதின் மகனே' என்றுதான் கூப்பிடுகிறார்.

தாவீது அவருக்கு அப்பா இல்லை. ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்து மறைந்த ராஜா.

குருத்தோலை ஞாயிறன்று கோவளம் முதல் கல்பாக்கம் வரை தேவாலயங்களில் ஓலையைப் பிடித்துக்கொண்டு 'ஓசன்னா' பாடும்போதும் தாவீதின் பெயர் வருகிறது. கிறிஸ்துமஸ் கதையில் பெத்லகேம் 'தாவீதின் ஊர்' ஆகிறது. எதற்காக எல்லாரும் இந்த ஒரு ராஜாவிடமே போய் நிற்கிறார்கள்? காரணம், ஒரே இரவில் கொடுக்கப்பட்ட ஒரு வாக்கு. அது என்ன, பிறகு அதற்கு என்ன ஆனது என்று பார்க்கலாம்.

அந்த இரவில் என்ன நடந்தது?

பழைய ஏற்பாட்டில் சாமுவேலின் 2ஆம் புத்தகம், 7ஆம் அதிகாரம். காலம் கி.மு. 1000-ஐ ஒட்டியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீது, எப்ரோனில் ஏழரை ஆண்டு ஆண்டுவிட்டு எருசலேமைப் பிடித்துத் தலைநகர் ஆக்கியிருந்தார். தீரு நாட்டு ராஜா கேதுரு மரமும் தச்சர்களும் கல்தச்சர்களும் அனுப்பிவைக்க, அரண்மனையும் எழுந்துவிட்டது. போர் ஓய்ந்த நேரம்.

அப்போதுதான் தாவீதுக்கு ஒரு உறுத்தல். நான் கேதுரு மர வீட்டில் இருக்கிறேன், கடவுளின் உடன்படிக்கைப் பெட்டி மட்டும் கூடாரத் துணிக்குள் இருக்கிறதே என்று நாத்தான் தீர்க்கதரிசியிடம் சொல்கிறார். நாத்தானும் யோசிக்காமல், 'மனசுல உள்ளதைச் செய்யுங்க' என்ற மாதிரி தலையாட்டிவிடுகிறார். தீர்க்கதரிசியே அவசரப்பட்டு ஓகே சொன்ன இடம் இது.

அன்றிரவே கடவுள் நாத்தானிடம் பேசுகிறார். நான் எப்போதாவது எனக்கு வீடு கட்டித் தரச் சொல்லி யாரிடமாவது கேட்டேனா என்பது முதல் கேள்வி. இவ்வளவு காலமும் கூடாரத்தில் மக்களோடு மக்களாக நடந்து வந்தவர் அவர். அதன் பிறகு பேச்சு அப்படியே திரும்புகிறது. தாவீது கடவுளுக்கு வீடு கட்ட வேண்டாம், கடவுளே தாவீதுக்கு ஒரு வீடு கட்டுவார்.

அரண்மனைதான் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு வீடு எதற்கு? விஷயமே இந்த 'வீடு' என்ற சொல்லில்தான் இருக்கிறது. எபிரேய மொழியில் 'பயித்' என்ற ஒரே சொல் குடியிருக்கும் வீட்டையும் குறிக்கும், அரண்மனையையும் குறிக்கும், ஆலயத்தையும் குறிக்கும், ஒரு பரம்பரையையும் குறிக்கும். தாவீது ஆலயம் என்ற பொருளில் கேட்டார். பதில் பரம்பரை என்ற பொருளில் வந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. கோயில் என்றால் அரசன் வீடு. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் அரண்மனைக்கும் கோயில் என்றுதான் பெயர். இன்று அதே சொல்லை வைத்துத்தான் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் என்கிறோம், கோவளத்தில் கார்மேல் மாதா கோயில் என்கிறோம். நாத்தான் சொன்ன பதிலின் சூட்சுமம் ஆங்கிலத்தைவிடத் தமிழில் சுலபமாகப் பிடிபடும்.

இந்த 'வீடு' வெறும் இலக்கிய வார்த்தையும் இல்லை. 1993-ல் இஸ்ரேலின் வடக்கே தெல் தான் என்ற இடத்தில் உடைந்த கல்வெட்டு ஒன்று கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எதிரி நாட்டு ராஜா ஒருவர் தன் வெற்றியைச் சொல்லி வெட்டி வைத்தது. அதில் யூதா நாட்டு அரச குடும்பத்தை 'தாவீதின் வீடு' என்று குறிப்பிட்டிருப்பதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். பைபிளுக்கு வெளியே தாவீதின் பெயர் கிடைத்த மிக முக்கியமான சான்று இதுதான்.

வாக்கில் என்னதான் இருந்தது?

தாவீதின் பெயர் பெரிதாகும். அவர் மகன் அரியணை ஏறி ஆலயத்தைக் கட்டுவான். கடவுள் அவனுக்குத் தகப்பன், அவன் கடவுளுக்கு மகன். தப்பு செய்தால் அடி விழும். ஆனால் முந்தைய ராஜா சவுலிடமிருந்து எடுத்ததுபோலக் கருணையை எடுத்துவிட மாட்டார். தாவீதின் வீடும் அரசும் அரியணையும் என்றென்றும் நிலைக்கும்.

இந்த அதிகாரத்தில் 'உடன்படிக்கை' என்ற சொல்லே கிடையாது என்பது பலர் கவனிக்காத விஷயம். அது தாவீதின் கடைசி வார்த்தைகளிலும் 89ஆம் சங்கீதத்திலும்தான் வருகிறது. அந்தச் சங்கீதத்தில் வாக்கின் கால அளவைச் சொல்ல எடுக்கும் உவமை சூரியனும் சந்திரனும். நம்ம ஊர்க் கல்வெட்டுகளைப் பார்த்தவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். கோயிலுக்கு நிலமோ விளக்கோ தானம் கொடுக்கும்போது, சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது செல்லும் என்று 'சந்திராதித்தவல்' போட்டுத்தானே முடிப்பார்கள்! பண்டைய மேற்கு ஆசியாவிலும் அரசர்கள் விசுவாசமான ஊழியருக்கும் அவர் சந்ததிக்கும் நிலமோ பதவியோ தானமாக எழுதிக் கொடுத்தார்கள். தாவீதுக்குக் கிடைத்த வாக்கு அந்தத் தான சாசன வகை என்று மோஷே வைன்ஃபெல்ட் என்ற அறிஞர் 1970-ல் எழுதினார். மோசே வழியாக வந்த உடன்படிக்கை இரு தரப்புக்கும் கடமை வைக்கும் ஒப்பந்தம், இது கொடுப்பவர் தன்னையே கட்டிக்கொள்ளும் சாசனம் என்பது அவர் வாதம். எல்லா அறிஞர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏனென்றால் பைபிளுக்குள்ளேயே ஒரு 'ஆனால்' இருக்கிறது. 132ஆம் சங்கீதமும் ராஜாக்களின் முதல் புத்தகமும், பிள்ளைகள் என் வழியில் நடந்தால்தான் என்று நிபந்தனை வைத்துப் பேசுகின்றன. சாமுவேலின் புத்தகத்தில் நிபந்தனை இல்லை. பொதுவாகக் கிறிஸ்தவ போதகர்கள் இதை இப்படி விளக்குவார்கள்: தனிப்பட்ட ஒரு ராஜா அரியணையை இழக்கலாம், வாக்கு சாகாது. தாவீதே அதற்கு முதல் சோதனை. பத்சேபாள் விவகாரமும் அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொன்றதும் இந்த வாக்கு கிடைத்த பிறகு நடந்தவை. அதே நாத்தான்தான் வந்து முகத்துக்கு நேராகக் குற்றம் சாட்டினார். தண்டனை வந்தது, அரியணை போகவில்லை.

ஒரு வம்சம் எத்தனை காலம் தாங்கும்?

சந்ததி என்றென்றும் என்று சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்பதை மாமல்லபுரம் பக்கமாக வந்து பார்த்தால் புரியும். இங்குள்ள ஆதிவராகர் குகையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பெயர்களோடு அரசர்கள் தேவியருடன் நிற்கிறார்கள். கடற்கரைக் கோயிலை எழுப்பியவர் ராஜசிம்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தங்கள் வம்சத்தைப் பிரம்மாவில் தொடங்கி, துரோணர், அஸ்வத்தாமன் வழியாகக் கொண்டுவந்து செப்பேட்டில் பதித்தவர்கள் பல்லவர்கள்.

அந்த வம்சமே கி.பி. 731 வாக்கில் அந்தரத்தில் நின்றது. இரண்டாம் பரமேஸ்வரவர்மன் இறந்ததும் அடுத்த வாரிசு இல்லை. காஞ்சியிலிருந்து பெரியவர்கள் கிளம்பிப்போய், கிளை வழியில் வந்த இரணியவர்மனிடம் ஒரு பிள்ளையைக் கேட்டார்கள். மூத்த பிள்ளைகள் மறுத்துவிட, 12 வயதுப் பல்லவமல்லன் வந்தான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இந்தக் கதை முழுக்கச் சிற்பமாகவே இருக்கிறது. நேரான கொடி அறுந்தாலும் பக்கக் கிளையில் வம்சம் பிழைத்தது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் கையில் அதுவும் முடிந்தது.

எருசலேமிலும் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு காட்சி உண்டு. அத்தாலியாள் என்ற ராணி அரச குடும்பத்தையே வெட்டிச் சாய்க்க, யோவாஸ் என்ற ஒரு கைக்குழந்தை மட்டும் தப்பிக்கிறது. ஆறு ஆண்டுகள் ஆலயத்துக்குள் ஒளித்து வளர்த்து, 7 வயதில் முடிசூட்டுகிறார்கள். வாழையடி வாழை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தோட்டத்தில் அன்று ஒரே ஒரு கன்றுதான் மிச்சம்.

கி.மு. 586: வாக்கு பொய்த்ததா?

சாலொமோனுக்குப் பிறகு நாடு இரண்டாக உடைந்தது. தாவீதின் வீட்டுக்குத் தெற்கே யூதா மட்டும் மிஞ்சியது. அதுவும் கி.மு. 586-ஐ ஒட்டி பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் விழுந்தது. ஆலயம் எரிந்தது. கடைசி ராஜா சிதேக்கியாவின் கண் முன்னாலேயே அவர் மகன்களைக் கொன்று, பிறகு அவர் கண்களையும் பிடுங்கினார்கள். தாவீது கட்ட நினைத்த வீடும் இல்லை, அவருக்குக் கட்டிக் கொடுத்த வீடும் இல்லை.

இந்த இடத்தில் பைபிள் மழுப்பவில்லை. சூரியனும் சந்திரனும் உள்ளவரை என்று பாடிய அதே 89ஆம் சங்கீதம், பாதிக்கு மேல் அப்படியே புகாராக மாறுகிறது. நீர் சத்தியம் செய்தீரே, எங்கே அது? கிரீடம் மண்ணில் கிடக்கிறதே? கேள்வி கடவுளிடமே கேட்கப்படுகிறது. அந்தச் சங்கீதத்துக்குள் பதிலும் வருவதில்லை. சத்தியத்தை நினைவூட்டும் கேள்வியோடும் எதிரிகளின் ஏச்சோடும் நின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு சிறிய துதி மட்டும்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன இன்னொரு ராஜா யோயாக்கீன். 37ஆம் ஆண்டில் சிறையிலிருந்து விடுதலையாகிப் பாபிலோன் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டார் என்பதோடு ராஜாக்களின் புத்தகம் முடிகிறது. அவருக்கும் அவர் மகன்களுக்கும் அளந்த எண்ணெய்க் கணக்கு பாபிலோனியக் களிமண் பலகைகளில் கிடைத்து, 1939-ல் வெளியானது. ராஜா ரேஷன் வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தார்! அவர் பேரன் செருபாபேல் பிறகு எருசலேமுக்குத் திரும்பி ஆலயத்தை மறுபடி கட்ட முன்னின்றார். ஆனால் பாரசீகருக்குக் கீழே அதிகாரியாக மட்டுமே, கிரீடம் திரும்பவில்லை.

அரியணை இல்லாத இந்தக் காலத்தில்தான் வாக்கு உருமாறுகிறது. வெட்டப்பட்ட அடிமரத்திலிருந்து ஒரு துளிர் வரும் என்ற ஏசாயாவின் வார்த்தை, நீதியுள்ள ஒரு கிளை எழும்பும் என்ற எரேமியாவின் வார்த்தை, விழுந்துபோன தாவீதின் கூடாரம் மறுபடி எழும் என்ற ஆமோஸின் வார்த்தை எல்லாவற்றையும் மக்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டுகொண்டிருக்கும் ராஜாவைப் புகழ்ந்த வாக்கு, வரப்போகும் ராஜாவுக்கான காத்திருப்பு ஆனது. அந்த ராஜாவுக்குப் பெயர் 'மேசியா', அதாவது அபிஷேகம் பண்ணப்பட்டவர். கிரேக்கத்தில் அதே சொல்தான் 'கிறிஸ்து'. கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயர் இல்லை, அது அரசப் பட்டம்.

சூசையப்பர் ஏன் முக்கியம்?

புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதல் பக்கமே பெயர்ப் பட்டியல். பலர் வேகமாகத் தாண்டிவிடும் பக்கம். மத்தேயு அதில் 14 தலைமுறைகளாக மூன்று அடுக்கு வைக்கிறார். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 14 வரும். இதற்காகவே அப்படி அடுக்கினார் என்று பலர் கருதுகிறார்கள்.

பட்டியல் தாவீதில் ஏறி, பாபிலோன் சிறையிருப்பில் இறங்கி, யோசேப்பு என்ற சூசையப்பரிடம் வந்து முடிகிறது. ஆனால் இயேசு கன்னி மரியாளிடம் பிறந்தவர், யோசேப்பின் ரத்தம் இல்லை என்று அதே மத்தேயு உடனே சொல்கிறார். பிறகு எப்படித் தாவீதின் மகன்? யோசேப்பு அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார். பெயர் வைத்துத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது அந்தச் சமூகத்தில் சட்டப்படி தகப்பன் ஆவது. தத்துப்பிள்ளைக்கும் குடும்பத்தின் பெயரும் உரிமையும் உண்டு என்பது நம் ஊரிலும் தெரிந்த சங்கதிதானே. ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதராகவே சுவிசேஷங்களில் வரும் சூசையப்பர் வழியாகத்தான் 1000 வருடத்து வாக்கு கைமாறுகிறது. லூக்கா வேறொரு பட்டியல் தருகிறார், அது தாவீதின் இன்னொரு மகன் வழியாகப் போகிறது. இரண்டையும் பொருத்த ஆதிகாலம் தொட்டே பல விளக்கங்கள் உண்டு.

லூக்காவில் காபிரியேல் தூதர் மரியாளிடம் சொல்லும் செய்தியோ நேராக நாத்தானின் வாக்கையே தொடுகிறது: தகப்பனாகிய தாவீதின் அரியணை, முடிவில்லாத அரசு. எரிகோ சாலையோரம் பிச்சையெடுத்த பார்வையற்ற பர்திமேயு, தாவீதின் குமாரனே என்று கத்திக் கூப்பிட்டபோது கூட்டம் அவரை அதட்டி அடக்கப் பார்த்தது. ரோமர் ஆட்சியில் அது அரசியல் வார்த்தையும்கூட.

இயேசு அரியணை ஏறவில்லை, சிலுவையில் ஏறினார். இதற்கு என்ன பதில்? பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எருசலேமில் பேசிய பேச்சில் இருக்கிறது. தாவீது செத்துப்போனார், கல்லறை இங்கேதான் இருக்கிறது. இயேசு உயிர்த்தெழுந்தார், இனி சாக மாட்டார், அதனால் என்றென்றும் என்ற சொல் அவருக்குத்தான் பொருந்தும் என்பது அவர் வாதத்தின் சாரம். வாரிசு மேல் வாரிசாக நீள்வது ஒரு வகை 'என்றென்றும்'. சாகாத ஒரே வாரிசு இன்னொரு வகை. கிறிஸ்தவம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது.

இஸ்ரவேல் ராஜாவின் சொத்தில் கோவளத்துக்காரருக்கு என்ன பங்கு?

நியாயமான கேள்வி. முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்கே இது பெரிய சண்டை. யூதர் அல்லாதவர் முதலில் யூதராக மாற வேண்டுமா என்று எருசலேமில் கூடிப் பேசினார்கள்; கி.பி. 49 வாக்கில் என்று கணிப்பு. அங்கே யாக்கோபு எடுத்துக்காட்டியது ஆமோஸின் அந்தக் கூடார வார்த்தையைத்தான். தாவீதின் கூடாரம் எழும்புவதே மற்ற ஜனங்களும் கடவுளைத் தேடி வருவதற்காக என்றார். கதவு அங்கேதான் திறந்தது. தமிழ்நாட்டில் ஒரு மீனவக் குடும்பம் ஓலையைப் பிடித்து ஊர்வலம் போக முடிவது அந்தத் தீர்மானத்தால்.

நாத்தானின் செய்தியில் இன்னொரு வரியும் இருக்கிறது, மேடைகளில் அதிகம் பேசப்படாத வரி. என் மக்களுக்கு ஒரு இடம் கொடுத்து அவர்களை நாட்டுவேன், இனி அவர்கள் அலைக்கழிக்கப்பட மாட்டார்கள் என்பது அதன் பொருள். வாக்கு ராஜாவின் குடும்பத்தோடு நிற்கவில்லை. செங்கல்பட்டில் இந்த வரியைப் படிப்பவர்களுக்கு 1891 நினைவுக்கு வரலாம். மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்த ஆண்டு அது. விளைநிலம் இல்லை என்பது மட்டும் பிரச்சினை இல்லை. அவர்கள் குடியிருந்த மனையே மிராசுதாரர் கையில் இருந்ததால், எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே விரட்டலாம் என்ற நிலை. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்ற பாதிரியார்களும் இதற்காக அரசிடம் குரல் கொடுத்தார்கள். 1892-ல் வந்த அரசாணைதான் இன்றுவரை வழக்கு நடந்துகொண்டிருக்கும் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அலையாமல் இருக்க ஓர் இடம் என்பது இந்த மாவட்டத்தில் வெறும் பிரசங்க வார்த்தை இல்லை.

மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

யூதர்கள் இயேசுவை மேசியாவாக ஏற்பதில்லை. தாவீதின் துளிர் முளைக்க வேண்டும் என்று அவர்கள் அன்றாட ஜெபத்தில் இன்றும் கேட்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை வாக்கு ரத்தாகவும் இல்லை, நிறைவேறவும் இல்லை. முஸ்லிம்களுக்கு அவர் தாவூத் நபி, சபூர் வேதம் அருளப்பட்டவர். கோவளத்தில் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் ஒரே ஊரில் இருக்கின்றன. தாவீதின் பெயர் இரண்டு பக்கமும் மரியாதையோடுதான் சொல்லப்படுகிறது, வம்ச வாக்கு மட்டும் கிறிஸ்தவர் பக்கம் தனிக் கனம் பெறுகிறது.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் ஒரே கருத்து இல்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில், இயேசு திரும்பி வந்து எருசலேமில் 1000 வருடம் நேரடியாக ஆளுவார், தாவீதின் அரியணை அப்போதுதான் முழுமையாக நிறைவேறும் என்று போதிக்கிறார்கள். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளும் பொதுவாக, அவர் இப்போதே ஆளுகிறார் என்ற பக்கம். கத்தோலிக்கத் திருச்சபை 'கிறிஸ்து அரசர்' திருவிழாவை ஏற்படுத்தியது 1925-ல். முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா என்று முடியாட்சிகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்த நேரம் அது.

நடுவில் ஒரு குழப்பமும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'தாவீதின் ஆசீர்வாதம் உங்க வீட்டுக்கும் வரும்' என்று சொந்த வீடு, கார், பதவி உயர்வு வரை இந்த அதிகாரத்தை இழுக்கும் வீடியோக்கள் மொபைலில் நிறைய வருகின்றன. அதிகாரத்தைப் படித்துப் பார்த்தால் வீடு கட்ட ஆசைப்பட்டவரிடம், நீ கட்ட வேண்டாம் என்றுதான் சொல்லப்படுகிறது. தாவீதும் அதைக் கேட்டுவிட்டு உடனே போய் அதே கூடாரத்தில் கடவுளுக்கு முன்னால் உட்காருகிறார். நான் யார், என் வீடு எம்மாத்திரம் என்பதுதான் அவர் பேச்சின் தொடக்கம்.

இந்த அதிகாரத்தைக் கோயிலில் கேட்க விரும்புகிறவர்களுக்கு மார்ச் 19 நல்ல நாள். அன்று புனித சூசையப்பர் பெருவிழா. கத்தோலிக்கத் திருப்பலியில் அன்றைய முதல் வாசகம், தாவீதுக்கு நாத்தான் கொண்டுவந்த அந்தச் செய்திதான்.